இறங்கிய இடமெல்லாம் காடாகுமா?

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், அதன் நடுப்பகுதி முழுக்கச் சோளமும் சோயாவும்தான். உழுத நிலத்துக்கு இடையே ஓடைக்கரையிலும் ஏரியோரத்திலும் போனால் போகிறது என்று விட்டுவைத்த மரக்கூட்டங்கள் தென்படும். ஷெல்பிவில் ஏரியை ஒட்டிய அப்படிப்பட்ட சில துண்டுக்காடுகளில், 1980களின் பிற்பாதியில், ஸ்காட் ராபின்சன் என்ற பறவையியலாளர் கூடுகளைத் தேடிப்பிடித்து ஒவ்வொன்றும் என்ன ஆனது என்று குறித்துவைத்தார். மத்திய அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வசந்தத்தில் வடக்கே வந்து முட்டையிடும் வலசைப் பறவைகளின் கூடுகள் அவை.

கணக்கு பயங்கரமாக இருந்தது. 76 விழுக்காடு கூடுகளில் கௌபேர்ட் என்ற பறவை தன் முட்டையை இட்டுவிட்டுப் போயிருந்தது. நம் குயில் காக்கைக் கூட்டில் செய்வதுதான். குயில் பெரும்பாலும் காக்கையோடு நிறுத்திக்கொள்கிறது. கௌபேர்ட் 200க்கும் மேற்பட்ட இனங்களின் கூட்டில் முட்டையிட்டதாகப் பதிவுகள் உள்ளன. அப்படி மாட்டிக்கொண்ட கூடு ஒன்றுக்குச் சராசரியாக 3.3 கௌபேர்ட் முட்டைகள். இது போதாதென்று, 80 விழுக்காடு கூடுகளை ரக்கூன், பாம்பு, நீலநிற ஜே போன்றவை சூறையாடின. வுட் திரஷ் என்ற பூங்குருவி கௌபேர்டின் முட்டையை அந்நியம் என்று அறியாமல் அடைகாத்து, பிறந்த குஞ்சுக்கு ஊட்டிக்கொண்டிருந்தது. அதன் சொந்தக் குஞ்சு கூட்டை விட்டுப் பறந்தது அரிது.

ஆனாலும் அடுத்த மே மாதம் அதே துண்டுக்காட்டில் வுட் திரஷ் பாடியது. அதற்கடுத்த மேயிலும் பாடியது. விடியற்காலையில் அந்தக் காட்டுக்குள் போய்ப் பாட்டை மட்டும் எண்ணியவருக்கு அங்கே எந்தக் குறையும் தெரிந்திருக்காது. 

பிழைக்க வழியில்லாத இடத்தைப் பறவை ஏன் தேர்கிறது? துண்டாடப்பட்ட நிலத்தில் வலசைப் பறவைகள் காட்டை எப்படித் தெரிந்தெடுக்கின்றன என்ற ஆராய்ச்சி கடந்த நாற்பது ஐம்பது ஆண்டுகளாகச் சுற்றிச்சுற்றி வந்து நிற்பது இந்தக் கேள்வியில்தான். இதற்கு ஒரே பதில் கிடையாது. பறவை ஆண்டில் ஒருமுறை மட்டும் காட்டைத் தேர்வதில்லை என்பது முதல் காரணம். வழியில் இளைப்பாற ஒரு காடு, குஞ்சு பொரிக்க ஒரு காடு, குளிர்காலம் கழிக்க ஒரு காடு. ஒவ்வொன்றுக்கும் தேவை வேறு, பார்க்கும் அடையாளம் வேறு. ஒரு காலத்துக்கு ஆகாத காடு இன்னொரு காலத்தில் உயிர் காக்கும்.

முதலில் வழி. யுகடான் தீபகற்பத்திலிருந்து மெக்சிகோ வளைகுடாவைக் கடந்து அமெரிக்கக் கரையைத் தொட ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர். சூரியன் மறைந்த சிறிது நேரத்தில் கிளம்பும் சிறு பறவைகள் மறுநாள் பகலில் லூயிசியானா, டெக்சாஸ் கரைகளை எட்டும். காற்று துணை நின்றால் கடற்கரையைத் தாண்டி உள்நாட்டுப் பெருங்காடுகள்வரை போய் இறங்கும். எதிர்காற்றும் மழையும் மறித்தால் கண்ணில் பட்ட முதல் மரத்திலேயே விழும். சதுப்புகளுக்கு நடுவே பழைய மணல்மேடுகளில் ஓக் மரங்கள் வளர்ந்த குறுகிய பட்டைகள் லூயிசியானா கரையில் உண்டு. அந்த மாதிரி நாட்களில் ஒரே மரத்தில் பத்துப் பதினைந்து இனங்களைப் பார்க்கலாம். அங்கே தேர்வு என்று சொல்ல எதுவும் இல்லை. உடம்பில் மிச்சமிருக்கும் கொழுப்புதான் இறங்கும் இடத்தை முடிவு செய்கிறது.

மற்ற இரவுகளில்? இருட்டில் மேலே பறக்கும் பறவை கீழே இருக்கும் காட்டை எப்படி அறியும்? இதைக் கண்டுபிடிக்க உதவியது வானிலை ரேடார். மழையைப் பார்க்க வைத்த கருவியில் பறவைக் கூட்டமும் தெரிகிறது என்பதைக் கொண்டு சிட்னி கோத்ரோ 1960களிலிருந்தே வளைகுடா வலசையைப் பதிவு செய்துவந்தார். பின்னால் வந்தவர்கள் இன்னொரு தந்திரத்தைக் கையாண்டார்கள். பகலெல்லாம் காட்டில் தங்கிய பறவைகள் அந்தி சாய்ந்த கொஞ்ச நேரத்தில் ஒருசேர மேலெழும். அந்தச் சில நிமிடங்களில் ரேடாரின் தாழ்ந்த கற்றையில் அவை படும்போது, எந்தக் காட்டிலிருந்து எத்தனை கிளம்பின என்பது வரைபடம்போல் விழுந்துவிடும். ஒவ்வொரு தோப்பாக ஆள் போய் எண்ணவேண்டியதில்லை. கிழக்கு அமெரிக்கா முழுவதையும் ஒரு பருவத்தில் அளந்துவிடலாம்.

அப்படி அளந்து 2023இல் வெளியான ஒரு ஆய்வின் முடிவு என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. இலையுதிர்காலத்தில் தெற்கு நோக்கிப் போகும் பறவைகள் அதிகம் தங்கும் இடம் இலையுதிர் மரக்காடு. அதிலும் குறிப்பாக, சுற்றிலும் காடழிந்த வட்டாரங்களில் மிஞ்சிய இலையுதிர் மரத் துண்டுகளில் நெரிசல் மிகுதி. வயல்வெளிக்கு நடுவே அது ஒன்றுதான் மரம். வேறு போக்கிடம் இல்லை. இந்த ஆய்வை எழுதியவர்களில் ஒருவர் டேவிட் வில்கோவ். 1985இல் இவர் செய்த வேலையும் துண்டுக்காடுகளைப் பற்றியதுதான். செயற்கைக் கூடுகளில் காடை முட்டைகளை வைத்துவிட்டு எத்தனை கூடு தப்புகிறது என்று பார்த்தார். கிரேட் ஸ்மோக்கி மலைகளின் பெருங்காட்டில் சூறையாடப்பட்டவை 2 விழுக்காடு அளவில்தான். ஊர்ப்புறத்தை ஒட்டிய சிறு காடுகளில் பெரும்பாலான கூடுகள் காலி. துண்டுக்காடு பறவைக்குக் கொலைக்களம் என்று காட்டிய அதே கை, ஏறத்தாழ நாற்பது ஆண்டு கழித்து, துண்டுக்காடு வலசைக்கு முக்கியமானது என்று எழுதுகிறது. இரண்டும் முரணல்ல. முதலாவது கூடு கட்டும் மாதத்தைப் பற்றியது, இரண்டாவது கடந்துபோகும் மாதத்தைப் பற்றியது. வழிப்போக்கனுக்குத் தேவை இரண்டு மூன்று நாள் புழுவும் பழமும் மறைவும்தான். கூட்டைக் காக்கவேண்டிய கவலை அவனுக்கு இல்லை.

இருட்டில் இறங்கும் பறவைக்குக் கண் மட்டுமல்ல, காதும் வழிகாட்டி. பால்டிக் கடலோரம் குரோனியன் மணல்திட்டில் ரஷ்ய ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். நாணற்காட்டில் மட்டுமே வாழும் நாணல் கதிர்க்குருவியின் பாட்டை, நாணலே இல்லாத மணற்பாங்கில், இரவில் ஒலிபெருக்கியில் போட்டார்கள். விரித்த வலையில் நாணல் கதிர்க்குருவிகள் சிக்கின. மேலே இருட்டில் போய்க்கொண்டிருந்தவை தம் இனத்தின் குரலைக் கேட்டு, கீழே நாணல் இருக்கும் என்று நம்பி இறங்கியிருக்கின்றன. நகர விளக்குகளும் இதைத்தான் செய்கின்றன. அமெரிக்காவின் வடகிழக்கில் ரேடார்ப் பதிவுகளை அலசிய 2018 ஆய்வொன்று, வெளிச்சம் மிகுந்த நகரங்களை நெருங்க நெருங்கத் தங்கும் பறவைகளின் அடர்த்தி கூடுவதைக் கண்டது. நல்ல காடு தொலைவில் இருக்க, விளக்கு இழுத்துவந்து நகரப் பூங்காவில் இறக்கிவிடுகிறது. நகரப் பூங்காவில் அபூர்வப் பறவை கிடைத்தது என்று மகிழும் பறவை ஆர்வலர்கள் இந்தப் பக்கத்தையும் நினைத்துப் பார்க்கலாம்.

இனிக் கூடு கட்டும் காடு. இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. பறவை வந்து சேரும் நாளில் மரங்கள் முழுக்கத் துளிர்த்திருக்காது. குஞ்சுக்கு ஊட்டவேண்டிய புழு இன்னும் முட்டையாக இருக்கும். கூட்டைத் தின்னப்போகும் ரக்கூன் பகலில் எங்கோ தூங்கிக்கொண்டிருக்கும். ஒன்றரை மாதம் கழித்து இந்த இடம் எப்படி இருக்கும் என்பதை இன்று பார்க்கும் அடையாளங்களை வைத்து முடிவு செய்யவேண்டும். தாமதித்தால் இடம் போய்விடும். பறவை பார்ப்பது காட்டை அல்ல, காட்டின் அறிகுறிகளை.

கீழ்ப்புதர் எவ்வளவு அடர்த்தி, மரம் எவ்வளவு உயரம், ஈரம் உண்டா என்பவையே அந்த அறிகுறிகள் என்று நெடுங்காலம் நம்பினார்கள். ஒவ்வொரு இனமும் தனக்கேற்ற மரஅமைப்பைத் தேடிப் போகிறது என்பது பாடப்புத்தகம். அது பொய்யல்ல. ஆனால் அதைவிட வலிமையான ஒன்று உண்டு என்று 2008இல் மேத்யூ பெட்ஸும் கூட்டாளிகளும் காட்டினார்கள். நியூ ஹாம்ப்ஷயரின் ஒயிட் மலைகளில் கருந்தொண்டை நீல வார்ப்ளர் என்ற சிறு பறவை அடர்ந்த கீழ்ப்புதர் உள்ள காட்டில்தான் கூடு கட்டும். புதரே இல்லாத, அந்தப் பறவை எட்டிப்பார்க்காத இடங்களில், இனப்பெருக்கம் முடிந்த கோடைக் கடைசியில், ஆண் பறவையின் பாட்டையும் பறக்கத் தொடங்கிய குஞ்சுகளின் இரைச்சலையும் ஒலிபரப்பினார்கள். பிறகு கருவிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பறவைகள் கரீபியன் தீவுகளுக்குப் போய்க் குளிர்காலத்தைக் கழித்தன. மறு வசந்தத்தில், எந்த ஒலியும் இல்லாத அந்த வெற்றுக்காட்டில் ஆண் பறவைகள் வந்து எல்லை வகுத்தன. ஒலிபரப்பாத இடங்களைவிட 4 மடங்கு அதிகம். போன கோடையில் கேட்டதை நினைவில் வைத்து, கண்ணெதிரே இருக்கும் மரத்தையும் புதரையும் ஒதுக்கித் தள்ளியிருக்கின்றன.

முதலில் கேட்கும்போது பறவையின் முட்டாள்தனம்போலத் தோன்றும். யோசித்துப் பார்த்தால் இதைவிடக் கெட்டிக்காரத்தனமான வழி கிடையாது. கூடு கலைந்த பறவை கோடைக் கடைசிவரை அங்கே நின்று பாடாது. குஞ்சு பொரித்து, பறக்கவிட்டு, இன்னும் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும் குடும்பத்தின் சத்தம் என்பது, இந்த இடத்தில் பிழைக்கலாம் என்பதற்கான சான்று. புதரை அளப்பதைவிட அது நம்பகமானது. ஸ்வீடனின் காட்லண்ட் தீவில் கழுத்துப்பட்டை ஈப்பிடிப்பான்களை வைத்து பிளாண்டீன் டோலிஜும் கூட்டாளிகளும் செய்த 2002 ஆய்வும் இதையே சொன்னது. சில தோப்புகளின் கூடுகளிலிருந்து குஞ்சுகளை எடுத்து வேறு தோப்புகளின் கூடுகளில் வைத்தார்கள். குஞ்சு குறைந்த தோப்புகளுக்கு மறு ஆண்டு வெளியிலிருந்து வந்து குடியேறியவை குறைந்தன; குஞ்சு குறைந்தாலும் மெலிந்தாலும் அங்கிருந்து வெளியேறியவை கூடின. அக்கம்பக்கத்துக் கூடுகளைப் பறவைகள் எட்டிப்பார்த்துக் கணக்கு வைத்துக்கொள்கின்றன.

அடுத்த வீட்டுக்காரர் வேறு சாதிப் பறவையாக இருந்தாலும் சரிதான். பின்லாந்தின் ஊலுவிலும் காட்லண்டிலும் செப்பானன், ஃபோர்ஸ்மன் இருவரும் நடத்திய சோதனையை எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சலிப்பதில்லை. பட்டாணிக்குருவிகள் ஆண்டு முழுதும் அங்கேயே இருப்பவை. வலசை வரும் ஈப்பிடிப்பான்களுக்கு முன்பே கூடு கட்டிவிடும். ஒரு தோப்பில் பட்டாணிக்குருவிகள் குடியிருந்த கூட்டுப்பெட்டிகளின் வாயில் வெள்ளையில் ஒரு முக்கோணம் வரைந்தார்கள். அருகே காலியாக இருந்த பெட்டிகளில் வட்டம். இன்னொரு தோப்பில் இதையே மாற்றி வரைந்தார்கள். பிறகு, தாமதமாக வந்த ஈப்பிடிப்பான்களுக்கு இரண்டு காலிப் பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள், ஒன்றில் முக்கோணம், ஒன்றில் வட்டம். காட்டில் எங்குமே இல்லாத, எந்தப் பயனுமற்ற குறி அது. பருவம் நகர நகர, நாலில் மூன்று ஈப்பிடிப்பான் பெட்டைகள் அந்தத் தோப்பின் பட்டாணிக்குருவி வைத்திருந்த குறியையே தேர்ந்தன. ஊரில் நிலையாக இருப்பவருக்கு இடம் தெரியும், அவரைப் பார்த்துச் செய் என்பது அவற்றின் கணக்கு.

துண்டாடப்பட்ட நிலத்தில் இந்தக் கணக்குக்கு இரண்டு விதமாக அடி விழுகிறது. பெருங்காட்டில் பாட்டைத் தொடர்ந்து போனால் போதும். தனித்துக் கிடக்கும் துண்டில் போன ஆண்டு யாரும் இல்லாவிட்டால் பாட்டு இல்லை. பாட்டு இல்லாததால் இந்த ஆண்டும் யாரும் இறங்குவதில்லை. காடு நன்றாகவே இருந்தும் காலியாகவே கிடக்கும். டெக்சாஸில் கருந்தலை விரியோ என்ற பறவைக்கு இதை மாற்றியமைத்துப் பார்த்தார்கள். கௌபேர்டுகளைக் கட்டுப்படுத்திய, ஆனால் விரியோ வராத புதர்நிலங்களில் அதன் பாட்டை ஒலிபரப்பியதும் பறவைகள் வந்து கூடு கட்டின. அடுத்த அடிதான் மோசமானது. பாட்டு இருக்கிறது, புதர் இருக்கிறது, எல்லா அறிகுறியும் சரி, ஆனால் குஞ்சு பிழைப்பதில்லை.

இதைச் சூழலியல் பொறி என்பார்கள். மிச்சிகனில் கேட்ஸ், கைசல் இருவரும் 1978இல் வெளியிட்ட ஆய்வு இதில் முன்னோடி. வயலும் காடும் சந்திக்கும் ஓரத்தில் பறவைகள் நெருக்கமாகக் கூடு கட்டின. உள்ளே போகப் போகக் கூடுகள் குறைந்தன. குஞ்சு பறந்த கணக்கோ தலைகீழ்: ஓரத்தில் குறைவு, உள்ளே அதிகம். தென் கரோலினாவின் சவானா ஆற்றுப் பகுதியில் பைன் காட்டுக்குள் ஒரே பரப்புள்ள திறந்தவெளிகளை வெட்டி, சிலவற்றுக்கு நேர்க்கோட்டு விளிம்பும் சிலவற்றுக்கு வளைந்து நீண்ட விளிம்பும் அமைத்து இன்டிகோ பன்டிங் பறவைகளைக் கவனித்தார்கள். விளிம்பு அதிகமுள்ள இடத்தையே அவை விரும்பின. அங்கேதான் குறைவாகக் குஞ்சு பொரித்தன. 

விளிம்பில் என்ன கவர்ச்சி? வெயில் விழும், புதர் அடர்ந்து வளரும், பூச்சி மிகும். முன்பெல்லாம் காட்டுக்குள் ஒரு பெருமரம் சாய்ந்தோ தீப்பிடித்தோ வெட்டவெளி உண்டாகும்; அதன் ஓரம் நல்ல இடமாகவே இருந்தது. இன்றைய விளிம்புக்கு அப்பால் இருப்பது மேய்ச்சல் நிலமும் வீடும். அங்கிருந்து பூனையும் ரக்கூனும் வருகின்றன. கௌபேர்ட் வருகிறது. இந்தப் பறவை ஒருகாலத்தில் நடு அமெரிக்கப் புல்வெளியில் காட்டெருமை மந்தைகளின் காலடியில் கிளம்பும் பூச்சிகளைத் தின்று திரிந்தது. கிழக்கே காட்டை வெட்டி மாட்டை மேயவிட்டதும் பின்னாலேயே வந்தது. மேய்ச்சல் நிலத்தில் தின்னும், காட்டுக்குள் போய் அடுத்தவர் கூட்டில் முட்டையிடும். அறிகுறி பழையது, அதன் பொருள் மாறிவிட்டது. பல்லாயிரம் தலைமுறைகளாகப் பழகிய பார்வையை இருநூறு ஆண்டில் மாற்றிக்கொள்ளப் பறவைக்கு வழியில்லை.

ராபின்சன் தன் துண்டுக்காட்டோடு நிற்கவில்லை. அவரும் நான்கு ஆய்வாளர்களும் சேர்ந்து 1995இல் ஒரு பெரிய ஒப்பீட்டை வெளியிட்டார்கள். நடு மேற்கு மாநிலங்களில் ஒன்பது நிலப்பரப்புகள், 5,000க்கு மேற்பட்ட கூடுகள். கூடு இருந்த காடு எத்தனை ஏக்கர் என்பதோடு, சுற்றி 10 கிலோமீட்டர் வட்டத்தில் எத்தனை விழுக்காடு காடு இருக்கிறது என்பதையும் அளந்தார்கள். அந்த விழுக்காடு குறையக் குறைய கௌபேர்ட் முட்டையும் கூட்டுச் சூறையும் ஏறின. மிசௌரியின் ஓசார்க் மலைக்காடுகளில் தேவைக்கு மேல் குஞ்சு. இல்லினாய் துண்டுகளில் செத்ததை ஈடுகட்டக்கூடப் போதாது. எனக்கு இந்த ஆய்வில் முக்கியமாகப் படுவது அந்த 10 கிலோமீட்டர்தான். ஒரு தோப்பின் தரத்தை அந்தத் தோப்புக்குள் நின்று மதிப்பிட முடியாது. அதன் விதியை எழுதுவது வேலிக்கு வெளியே இருக்கும் நிலம். பறவையோ தோப்புக்குள் இருப்பதைப் பார்த்தே முடிவெடுக்கிறது.

அப்படியானால் தோற்ற பறவை பாடம் கற்பதில்லையா? கற்கிறது. இல்லினாயின் தென்கோடியில் கேஷ் ஆற்றுச் சதுப்புக்காட்டில் ஜெஃப்ரி ஹூவர், பொன்னிற வார்ப்ளர்களின் கூடுகளைத் தானே காப்பாற்றியும் கைவிட்டும் பார்த்தார். ஒரே கோடையில் இரண்டு ஈடு குஞ்சு வளர்த்த பறவைகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு மறு ஆண்டு அதே இடத்துக்குத் திரும்பின. ஒன்றும் தேறாதவற்றில் திரும்பியவை மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆக, ஷெல்பிவில்லில் ஆண்டுதோறும் கேட்ட பாட்டு பெரும்பாலும் போன ஆண்டுப் பறவையின் பாட்டல்ல. நொந்தது போய்விடுகிறது, எங்கோ பெருங்காட்டில் பிறந்து, அங்கே இடம் கிடைக்காமல், முதல் முறையாகக் கூடு கட்ட வரும் இளம்பறவை அதே துண்டில் இறங்குகிறது. அதற்கு இந்த இடத்தின் வரலாறு தெரியாது. ரொனால்ட் புல்லியம் 1988இல் எழுதிய ஊற்று, வடிகால் என்ற கோட்பாடு இதைத்தான் சொல்கிறது. ஊற்றுக்காட்டில் மிகுந்தது வடிகால் காட்டில் போய் வற்றுகிறது. வடிகாலில் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு ஒரே சீராக இருக்கலாம். கணக்கெடுப்பவர் மகிழ்வார். ஊற்று அடைபட்ட பிறகுதான் தெரியும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, துண்டுக்காடும் விளிம்பும் புதரும் கெட்டவை, பெருங்காடே நல்லது என்று சட்டம் போட்டுவிடவும் முடியாது. மிசௌரியிலும் வர்ஜீனியாவிலும் வுட் திரஷ் குஞ்சுகளின் முதுகில் சிறு ரேடியோ பொருத்திப் பின்தொடர்ந்தபோது ஒரு வேடிக்கை தெரிந்தது. முதிர்ந்த காட்டின் நிழலில் பிறந்த குஞ்சுகள், தாய் தந்தையை விட்டுப் பிரிந்ததும், அந்தக் காட்டை விட்டு வெளியேறி இளம்புதர்க்காடுகளுக்குப் போயின. அங்கே பழம் உண்டு, வல்லூறின் கண்ணுக்குத் தப்ப முட்புதர் உண்டு. உள்காட்டுப் பறவை என்று நாம் முத்திரை குத்தியது ஒரே கோடையில் இரண்டு விதமான காடுகளைக் கேட்கிறது.

பிறகு குளிர்காலம். இங்கே தேர்வு என்ற சொல்லே கொஞ்சம் பெரிய சொல். ஜமைக்காவில் பீட்டர் மாராவும் ரிச்சர்ட் ஹோம்ஸும் எட்டு கிராம் எடையுள்ள அமெரிக்கன் ரெட்ஸ்டார்ட் பறவைகளை ஆராய்ந்தார்கள். ஈரமான அலையாத்திக் காட்டில் பெரும்பாலும் வயதான ஆண்கள். வறண்ட புதர்க்காட்டில் பெரும்பாலும் பெண்களும் இளசுகளும். பெண்ணுக்குப் புதர் பிடிக்கும் என்று பட்டியல் பார்த்து முடிவு கட்டியிருப்போம். ஆண்களைப் பிடித்து அகற்றியதும் பெண்கள் அலையாத்திக்குள் போய் அமர்ந்தன. பிடித்த இடம் இருவருக்கும் ஒன்றுதான். ஒருவர் விரட்டினார், மற்றவர் கிடைத்ததில் ஒதுங்கினார். விளைவு அங்கேயே முடியவில்லை. அலையாத்தியில் இருந்தவை பருவம் முழுக்க உடம்பு தேயாமல் சீக்கிரம் கிளம்பின. புதரில் இருந்தவை மெலிந்து, தாமதமாகக் கிளம்பின. ஈரக்காட்டுக்கும் வறண்ட காட்டுக்கும் கரிம ஐசோடோப் அளவு வேறுபடும். அது பறவையின் திசுவில் பதியும். நியூ ஹாம்ப்ஷயரில் வசந்தத்தில் முதலில் வந்திறங்கிய பறவைகளின் உடலில் ஈரக்காட்டின் சுவடு இருந்ததை 1998இல் இவர்கள் காட்டினார்கள். முதலில் வந்தவருக்கே நல்ல கூட்டிடம். ஜனவரியில் ஜமைக்காவில் எந்தக் காட்டில் ஒதுங்கினாய் என்பது, ஜூனில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வடக்கே எந்தக் காடு உனக்குக் கிடைக்கும் என்பதைப் பாதிக்கிறது.

இந்தக் கடைசிப் பகுதி நமக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. தென்னிந்தியக் காடுகள் வடக்கிலிருந்து வரும் பல காட்டுப் பறவைகளுக்குக் குளிர்கால வீடு. பச்சை இலைக் கதிர்க்குருவி காக்கசஸ் மலைப்பகுதியிலிருந்தும் ஆறுமணிக்குருவி இமயமலை அடிவாரத்திலிருந்தும் நடு இந்தியாவிலிருந்தும் வருகின்றன. கொடிக்கால் வாலாட்டி காப்பித் தோட்ட நிழலில் வாலைப் பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டு திரியும். முண்டந்துறையில் இலைக் கதிர்க்குருவிகளை 1990களில் மதுசூதன் கட்டி ஆராய்ந்தார். இங்கே கூடும் இல்லை, குஞ்சும் இல்லை. ஆனாலும் ஒவ்வொன்றும் தனக்கென்று சில மரங்களை எல்லையாக வைத்துக்கொண்டு அடுத்ததை அண்டவிடாமல் கத்தித் துரத்தும். ஜமைக்காவில் பார்த்த அதே போட்டிக்கு வேண்டிய எல்லாம் இங்கும் இருக்கிறது.

துண்டாடலும் இருக்கிறது. ஆனைமலையில் வால்பாறைப் பீடபூமி ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர். தேயிலைக்கு நடுவே மழைக்காட்டுத் துண்டுகள் சிதறிக் கிடக்கின்றன. அங்கே டி. ஆர். சங்கர் ராமன் 2006இல் வெளியிட்ட ஆய்வு, பறவைகள் துண்டின் மரஅமைப்பையும் அதை ஒட்டியிருக்கும் நிலத்தையும் பொறுத்தவை என்று காட்டியது. காட்டு மரங்களை நிழலுக்கு விட்ட ஏலக்காய், காப்பித் தோட்டம் பக்கத்தில் இருப்பது வேறு, வெட்டவெளித் தேயிலை பக்கத்தில் இருப்பது வேறு. ராபின்சனின் 10 கிலோமீட்டர் வட்டம் இங்கே தேயிலைச் சரிவாகவும் சில்வர் ஓக் வரிசையாகவும் நிற்கிறது. சமவெளியில் இன்னும் சிறிய துண்டுகள். சென்னைக்கு நடுவே 2.7 சதுர கிலோமீட்டர் கிண்டி தேசியப் பூங்காவில் ஆறுமணிக்குருவி ஒவ்வொரு குளிர்காலமும் தென்படுகிறது. அக்டோபரில் வந்து சேரும்போது களைத்துப்போய் வீட்டு மாடத்திலும் அலுவலக வளாகத்திலும் விழுந்து கிடந்ததாகச் செய்திகள் வருவதும் இந்தப் பறவையைப் பற்றித்தான். 

கிண்டியில் ஆறுமணிக்குருவி இருக்கிறது என்பது அங்கே அது நன்றாக இருக்கிறது என்பதாகாது. விளக்கு வெளிச்சம் இழுத்து இறக்கியதாக இருக்கலாம். வேறிடத்தில் விரட்டப்பட்ட இளம்பறவையாக இருக்கலாம். நல்ல காட்டைத் தேர்ந்து வந்ததாகவும் இருக்கலாம். இவற்றைப் பிரித்தறிய ஒரு நாள் பட்டியல் உதவாது. 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு தமிழ்நாட்டில் பறவை பார்ப்பவர்களைப் பெருக்கியிருக்கிறது. அதன் பயனை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அது ஜனவரி நடுவில் யார் இருக்கிறார்கள் என்பதைச் சொல்கிறது, அவ்வளவுதான். ஆறுமணிக்குருவி அந்தியில் ஒரே புதரிலிருந்து இரண்டு சீழ்க்கையாகக் கத்தும் பழக்கமுள்ளது. எல்லையை அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுக்காது. அக்டோபர் கடைசியில் குரல் கேட்ட புதரைக் குறித்துவைத்து, அதே புதரில் டிசம்பரில் ஒருமுறை, மார்ச்சில் ஒருமுறை நின்று கேட்பதற்குப் பெரிய நிதியோ ரேடாரோ வேண்டாம். மார்ச் வரை குரல் தொடரும் துண்டையும், டிசம்பருக்குள் அடங்கிவிடும் துண்டையும் ஊர் ஊராக வரைபடத்தில் இட்டுப் பார்த்தால், எந்தத் துண்டைச் சுற்றி மரம் வைக்கவேண்டும், எதன் வேலிக்கு வெளியே விளக்கை அணைக்கவேண்டும் என்பதை வனத்துறையிடம் பெயர் சொல்லிக் கேட்கலாம்.